தொண்ணூற்றிரண்டு விநாடி

நோயாளியைக் குறுக்கிடாமல் பேசவிட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்? மருத்துவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் பதிலாக வரும். வெளியே நம்பர் எடுத்துக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே இருப்பவரை அவர் போக்கில் விட்டால் முட்டிவலியில் தொடங்கிப் பேத்தி கல்யாணத்தில்தான் முடிப்பார் என்று ஒரு பயம்.

சுவிட்சர்லாந்தின் பாஸல் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. புறநோயாளிகள் 335 பேர். மருத்துவர் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். தலையசைக்கலாம், ‘ம்’ கொட்டலாம், அவ்வளவுதான். நோயாளியே ‘இதுதான் டாக்டர், நீங்க என்ன சொல்றீங்க?’ என்ற இடத்துக்கு வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நோயாளிகளுக்குத் தெரியாமல் நேரம் குறிக்கப்பட்டது. சராசரி 92 விநாடி! நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரும் சொன்னது தேவையான தகவல்தான் என்று மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து 1984-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி வாயைத் திறந்து சராசரியாகப் பதினெட்டாவது விநாடியில் மருத்துவர் உள்ளே புகுந்துவிட்டார். சொல்ல வந்ததை முழுதாகச் சொன்னவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இதில் கவனிக்க வேண்டியது வேறு. நோயாளி முதலில் சொல்வதுதான் முக்கியமான தொல்லை என்று மருத்துவர் எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடுகிறார். ஆனால் தொல்லைகளைச் சொல்லும் வரிசைக்கும் அவற்றின் தீவிரத்துக்கும் சம்பந்தம் ஒன்றும் தென்படவில்லை. ‘ரெண்டு நாளா சளி டாக்டர்’ என்று ஆரம்பிப்பவர், மூன்றாவதாக நெஞ்சு அடைப்பதைச் சொல்ல வைத்திருப்பார். பதினெட்டாவது விநாடியில் சளிக்கு மருந்து எழுதி முடித்தாகிவிடும்.

இவையெல்லாம் பெரும்பாலும் ஒரே மொழியைப் பகிர்ந்துகொண்டவர்கள் பேசிக்கொண்ட பேச்சு. மலேசியாவின் பினாங்கில் கதை வேறு.

டத்தோ கிராமாட் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜாலான் ரெசிடென்சியில் இருக்கிறது பினாங்கு மருத்துவமனை. ஊர்க்காரர்களுக்கு இன்றும் அது ஜிஎச்தான். கம்பெனி காலத்து இந்தியச் சிப்பாய்களின் பெயரைத் தாங்கிய சிப்பாய் லைன்ஸ் சாலையில், அயர்லாந்தின் இரண்டு மருத்துவக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து 1996-இல் தொடங்கிய பினாங்கு மருத்துவக் கல்லூரி. இப்போது அது வேறு பெயரில் இயங்குகிறது. மாணவர்கள் முதலில் டப்ளினில் படித்துவிட்டு, நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் ஆண்டுகளுக்கு இங்கே வருகிறார்கள். அங்கே ஆங்கிலத்தில் ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்கப் பழகியவர், இங்கே ஹொக்கியன் பேசும் ஆன்ட்டியிடமும் மலாய்ப் பாக்சிக்கிடமும் தமிழ்ப் பாட்டியிடமும் ஒரே காலைப்பொழுதில் கேட்க வேண்டும். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். நகருக்குத் தெற்கே, மிண்டனில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருந்தியலுக்கும் தொடர்பியலுக்கும் தனித்தனிப் பள்ளிகள் அங்கே உண்டு. மருத்துவப் பேச்சை ஆராய வேண்டுமானால் இவ்வளவு வசதியான ஊர் உலகத்தில் நிறைய இருக்காது.

சரி, இந்த வட்டாரத்தில் மருத்துவப் பேச்சை ஆராயவும் கற்பிக்கவும் ஓராண்டு கையில் கிடைத்தால் எப்படிச் செலவழிப்பது? என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் யாருக்கும் எதையும் கற்பிக்க வேண்டாம் என்பேன். வழக்கமாக நடப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அரைநாள் பட்டறை, திரையில் படங்கள், ‘கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், புன்னகை செய்யுங்கள்’, நடுவில் கறிபாப், கடைசியில் குழுப்படமும் சான்றிதழும். மறுநாள் அதே பெஞ்ச், அதே பதினெட்டு விநாடி. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் இந்த ஊர் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று யாரும் உட்கார்ந்து கேட்காமல், வெளியூர்ப் பாடப்புத்தகத்தை மட்டும் பிரித்து நடத்தினால் வேறெப்படி இருக்கும்?

ஆகவே முதல் வேலை ஒலிப்பதிவு. அதற்கும் முன்னால் தாள் வேலை. மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஆய்வு செய்ய தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அமைச்சின் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். நோயாளிக்கான ஒப்புதல் கடிதம் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஜனவரி இதிலேயே போய்விடும், பிப்ரவரியிலும் பாதி போகலாம். பேச்சு பற்றிய ஆய்வில் முதல் சோதனையே இந்த ஒப்புதல் கடிதம்தான் என்பதால் அதை வீண் என்று சொல்ல மாட்டேன். நான்கு மொழியில் ஒரு பக்கக் கடிதத்தை எழுதி, நோயாளி புரிந்துகொண்டாரா என்று பார்த்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

பதிவு கிடைத்த பிறகுதான் அதிசயம் தொடங்குகிறது. பேச்சை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற ஒரு துறை இருக்கிறது. அதன் தொடக்கமும் ஒருவகையில் மருத்துவம் சார்ந்ததே. 1960-களின் முற்பகுதியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவை ஹார்வி சாக்ஸ் என்ற இளம் ஆய்வாளர் கேட்டுக்கொண்டிருந்தார். மையத்து ஊழியர் தன் பெயரைச் சொல்லி ‘என்ன உதவி வேண்டும்?’ என்பார். பெரும்பாலும் மறுமுனையும் தன் பெயரைச் சொல்லிவிடும். ஒருவர் மட்டும் ‘சரியாகக் கேட்கவில்லை’ என்றார். ஊழியர் தன் பெயரைத் திரும்பச் சொன்னார். அதற்குள் அழைத்தவர் பெயர் சொல்ல வேண்டிய இடம் கடந்து போய்விட்டது! காது கேட்காத பிரச்சினை அல்ல, பெயர் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி. அப்படிப்பட்ட சின்னச் சின்ன அசைவுகளால்தான் பேச்சு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது என்று சாக்ஸ் கண்டார். அவருடன் வேலை செய்த கெயில் ஜெஃபர்சன், இழுவை, மூச்சு, சிரிப்பு, மௌனம் எல்லாவற்றையும் எழுத்தில் குறிக்க ஒரு முறையை உருவாக்கினார். மௌனத்தை அந்த முறையில் பத்தில் ஒரு பங்கு விநாடி கணக்கில் குறிப்பார்கள்.

அவ்வளவு நுணுக்கம் எதற்கு? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் டேனிஷ் முதல் ஜப்பானியம் வரை பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளியை அளந்தார்கள். சராசரி கால் விநாடிக்கும் குறைவு. கண் சிமிட்டுகிற நேரம். எதிர்பார்த்த பதில் சட்டென்று வருகிறது, எதிர்பாராத பதில் கொஞ்சம் தாமதிக்கிறது. அப்படியானால் ‘மருந்து தவறாமல் சாப்பிடுறீங்களா?’ என்ற கேள்விக்கு முக்கால் விநாடி கழித்து வருகிற ‘ஆமா டாக்டர்’ எப்படிப்பட்ட ஆமாம்? கணினித் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்கிற டாக்டர் காதில் சொல் மட்டுமே விழுந்திருக்கும். அந்தப் பத்து மொழிகளில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை. டத்தோ கிராமாட் பெஞ்சிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.

இங்கே இன்னொரு சிக்கல் குறுக்கே வரும். மூன்றாவது ஆள். ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். எந்த அரசாங்கக் கிளினிக்கிலும் நடக்கக்கூடியதுதான். பாட்டிக்கு இனிப்புநீர். துணைக்குப் படிவம் நான்கு படிக்கும் பேத்தி. டாக்டர் மலாய்க்காரப் பெண், மரியாதையாகப் பேசுகிறவர்.

“ஆன்ட்டி, உபாட் மாக்கான் இக்குட் மாசா தாக்?”

“பாட்டி, மருந்து நேரத்துக்குச் சாப்பிடுறீங்களான்னு கேக்குறாங்க.”

“சாப்பிடுறேன்மா. வெள்ளிக்கிழமை விரதமில்ல? அன்னைக்குக் காலையில அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டா கைகாலெல்லாம் நடுங்கி வேர்த்துக் கொட்டுது, கண்ணு இருட்டுது. அதான் அன்னைக்கு விட்டுடறது. செவ்வாய்க்கிழமையும் பயமா இருக்கு, விட்டுடறேன்.”

“மாக்கான், டாக்டர். காடாங்-காடாங் லூப்பா.”

சாப்பிடுகிறார், சில நேரம் மறந்துவிடுகிறார். பேத்தி பொய் சொல்லவில்லை, சுருக்கிவிட்டாள். ஆனால் அந்தச் சுருக்கத்தில் விழுந்து போனது நோயின் திறவுகோல். வெறும் வயிற்றில் நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் என்றால், சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்குகிறது என்று அர்த்தம். இன்சுலினைத் தூண்டிவிடுகிற சில மாத்திரைகளுக்கு இந்தக் குணம் உண்டு. பாட்டி மறக்கவில்லை, தன் உடம்பைக் கவனித்து ஒரு முடிவெடுத்திருக்கிறார். டாக்டரின் குறிப்பில் அது ‘ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை’ என்று ஏறும். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் மாத்திரையின் அளவும் ஏறலாம். அடுத்த வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இது எல்லா ஊரிலும் உள்ள கதைதான். அமெரிக்காவில் ஸ்பானிய மொழிக் குடும்பங்களின் குழந்தை மருத்துவச் சந்திப்புகள் பதின்மூன்றை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. சந்திப்புக்குச் சராசரி 31 மொழிபெயர்ப்புப் பிழைகள்! பிழைகளில் நூற்றுக்கு 63 சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர்களும் பிழை செய்தார்கள். ஆனால் அகப்பட்டவரைப் பிடித்து மொழிபெயர்க்க வைத்தபோது ஆபத்தான பிழையின் விகிதம் நன்றாக உயர்ந்தது. அதிகம் நேர்ந்த பிழை விடுபடல். சொன்னதை மாற்றிச் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது. நம் பேத்தி செய்ததும் அதுவே.

மலேசியாவின் 2019 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4. மூன்றில் ஒருவருக்குச் சுகாதாரத் தகவலைப் புரிந்து பயன்படுத்துகிற திறன் குறைவு என்றும் அதே கணக்கெடுப்பு சொன்னது. இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பாட்டியின் வெள்ளிக்கிழமை தனியொருவர் வீட்டு விஷயமாகத் தெரியவில்லை.

மருந்துக் கவுண்ட்டருக்கும் போக வேண்டும். பிளாஸ்டிக் உறைமேல் ஒட்டிய சீட்டில் ‘2 பிஜி, 2 காலி செஹாரி’ என்று இருக்கிறது. இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு வேளை. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஆய்வில் 395 நோயாளிகளிடம் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் சரியாக வாசித்துவிட்டார்கள். ‘ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டுங்கள்’ என்றதும் நான்கை எண்ணி வைத்தவர்கள் 35 பேர்தான். வாசிப்பதும் புரிவதும் வேறு வேறு என்று காட்ட இதைவிட மலிவான சோதனை கிடையாது: ஒரு தட்டு, கொஞ்சம் மாத்திரை. மருந்தியல் மாணவர்கள் இரண்டு பேர் ஒரு வாரம் கவுண்ட்டர் ஓரத்தில் நின்றால் இந்த ஊர்க் கணக்கு கையில் வந்துவிடும். தலையாட்டுகிற நோயாளியிடம் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பது சுத்தமாகப் பயனில்லாத கேள்வி. பெரியவர்கள் முன்னால் ‘புரியலை’ என்று சொல்ல நம்மில் யார் வளர்க்கப்பட்டோம்?

ஓராண்டு என்றால் பல்கலைக்கழகத்துக்கு அது இரண்டு பருவம், நிதி கொடுப்பவர்களுக்கு நான்கு காலாண்டு. பினாங்கு நோயாளிக்கு ஆண்டு அப்படி நகர்வதில்லை. அவருக்குத் தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்பு மாதம், தீபாவளி. ஆய்வுத் திட்டத்தை இந்த நாட்காட்டிமேல்தான் விரிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையை நோக்கிப் போகும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு நீரிழிவு இருக்கும்! நீண்ட நாள் நீரிழிவில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். வெயிலில் கொதிக்கிற தாரோ உடைந்த தேங்காய் ஓடோ காலைப் பதம் பார்த்தாலும் தெரியாது. தெரியவரும்போது புண்ணாகியிருக்கும். ‘செருப்பில்லாமல் நடக்காதீர்கள்’ என்று அறிவுரை அட்டையில் இருக்கிறது. காவடி எடுப்பவரிடம் அந்த அட்டையை நீட்டிப் பயனில்லை. ‘நடந்து முடிச்ச அன்னைக்கு ராத்திரி யாராவது ஒருத்தர் டார்ச் அடிச்சு உங்க பாதத்தைப் பார்க்கட்டும்’ என்றால் ஒருவேளை நடக்கும். எந்த வாக்கியம் வேலை செய்கிறது என்று ஜாலான் உத்தாமா தண்ணீர்ப் பந்தல்களில் கேட்டுப் பார்க்கலாம், ஆய்வுக்கூடம் தேவையில்லை.

நோன்பு மாதத்துக்கு இன்னும் திடமான சான்று உண்டு. மலேசியா உட்பட 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் 2001-இல் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களில் கடுமையான சர்க்கரை இறக்கம் நோன்பு மாதத்தில் மற்ற மாதங்களைவிட 7.5 மடங்கானது. நோன்பு வைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொன்னார்கள், பெரும்பாலோர் வைத்தார்கள். லண்டனில் சிலர் வேறு வழியை முயன்றார்கள். நோன்புக்கு முன்னால் நோயாளிகளை உட்காரவைத்து, எப்போது சாப்பிடுவது, எந்த மாத்திரையை எப்போதைக்கு மாற்றுவது, எப்போது நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று பேசினார்கள். 2010-இல் வெளியான முடிவு: பேச்சில் கலந்துகொண்டவர்களிடம் சர்க்கரை இறக்கச் சம்பவங்கள் 9-இலிருந்து 5 ஆகக் குறைந்தன, கலந்துகொள்ளாதவர்களிடம் 9-இலிருந்து 36 ஆக ஏறின. சிறிய ஆய்வுதான், இரண்டு குழுவும் சேர்ந்து நூற்றுச் சொச்சம் பேர். என்றாலும் ஒரு புதிய மாத்திரை இப்படி ஒரு பலனைக் காட்டியிருந்தால் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்திருக்கும். இங்கே கொடுத்த மருந்து வெறும் பேச்சு, அதுவும் சரியான மாதத்தில்.

விரல் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து பார்க்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. முறியாது என்றுதான் மருத்துவ வழிகாட்டிகளும் மார்க்க அறிஞர்களும் சேர்ந்து சொல்கிறார்கள். ஆனால் அது ஹவுஸ்மேன் எனப்படும் பயிற்சி மருத்துவர் வாயிலிருந்து வருவதும் பள்ளிவாசல் இமாம் வாயிலிருந்து வருவதும் ஒன்றல்ல. பாட்டியின் வெள்ளிக்கிழமைக்கும் இதே பேச்சு பொருந்தும். விரதம் வைப்பவர் மதத்தைப் பார்த்தா சர்க்கரை இறங்குகிறது?

ஆறு மாதம் கேட்ட பிறகு கற்பிக்கலாம். கற்பிக்கிற முறைக்கும் ஒரு சுவையான முன்கதை இருக்கிறது. 1963-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயே இல்லாத ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்கள் முன்னால் உட்காரவைத்தார். சக பேராசிரியர்கள் சிரித்தார்கள். ஹாலிவுட் பக்கத்து ஊர்க்காரர் வேறென்ன செய்வார் என்று கேலி. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன், மணியடித்தால் அடுத்த மேசைக்கு நகரும் தேர்வுமுறையை அறிமுகப்படுத்தினார். இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் நடிப்பு நோயாளிகள் முன்னால் அப்படித்தான் தேர்வெழுதுகிறார்கள். இந்தியாவிலும் 2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் நோயாளியுடன் பேசுவது முறையான பாடம்.

இதன் நோய் என்னவென்றால் மனப்பாடம். மதிப்பெண் தாளில் ‘அனுதாபம் காட்டினார்’ என்று ஒரு கட்டம் இருந்தால், மாணவர் நாற்பதாவது விநாடியில் ‘உங்க கஷ்டம் புரியுது ஆன்ட்டி’ என்று சொல்லிக் கட்டத்தை நிரப்பிவிடுவார். அதனால்தான் நடிக்கிறவர்கள் டத்தோ கிராமாட் அடுக்குமாடிகளிலிருந்தே வர வேண்டும் என்கிறேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, பழைய லாரி டிரைவர், மூன்று மொழியில் வம்பு பேசத் தெரிந்த மலாய் மக்சிக். கேட்ட பதிவுகளிலிருந்து எடுத்த வாக்கியங்கள் அவர்கள் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமைக் கதையைப் பேத்தி விழுங்கிவிடுவாள். ‘பாட்டி நிறையப் பேசினாங்களே, முழுசா சொல்லும்மா’ என்று கேட்கிற மாணவருக்குத்தான் மதிப்பெண்.

சில பாடங்களுக்குப் பயிற்சியே வேண்டாம், கேள்வியின் சாய்வை மாற்றினால் போதும். 2007-இல் வெளியான ஆய்வில் ஜான் ஹெரிடேஜும் சகாக்களும் அமெரிக்க மருத்துவர்கள் 20 பேரைப் பாதியாகப் பிரித்தார்கள். சந்திப்பின்போது ஒரு பாதி, ‘வேறேதோ சொல்ல இருக்கிறதா’ என்று ஆமாம் பக்கம் சாய்ந்த கேள்வியைக் கேட்டது. மறுபாதி ‘வேறொன்றும் இல்லையே’ என்கிற பக்கம் சாய்ந்ததை. முதல் வகைக் கேள்வி, நோயாளிகள் சொல்லாமல் வீட்டுக்குத் தூக்கிப்போகிற தொல்லைகளில் நூற்றுக்கு 78-ஐ ஒழித்தது. இரண்டாவது வகை, கேட்காமலே இருந்ததற்குச் சமம். சந்திப்பின் நேரமும் கூடவில்லை. ஒரு காசு செலவில்லாத சிகிச்சை. இதையே தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும் எந்த வடிவத்தில் கேட்டால் பேச்சு திறக்கிறது என்று செப்டம்பரிலும் அக்டோபரிலும் சோதித்துவிடலாம்.

ஆண்டு முடிவில் எதை அளப்பது? திருப்திப் படிவம் வேண்டாம். ஒரு வெள்ளி கட்டிப் பார்க்கிற அரசாங்கக் கிளினிக்கில் ‘திருப்தியா?’ என்றால் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். தட்டில் மாத்திரையை எண்ணிக் காட்டுகிறாரா, வெள்ளிக்கிழமை என்ன செய்வது என்று தன் வாயால் சொல்கிறாரா, முதல் கேள்விக்குப் பிறகு எத்தனை விநாடி பேசவிடப்பட்டார். இந்த மூன்றையும் ஜூனில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை.

அடுத்த ஆண்டுக்கு இதே திட்டத்தைத் தேதி மாற்றி நகலெடுக்க முடியாது. பிறையைப் பின்பற்றுகிற நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். 2030-இல் அது இரண்டு முறை தொடங்கும், ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று, டிசம்பர் கடைசி வாரத்தில் இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருகிற நோயாளியிடம் முதல் நோன்பைப் பற்றி 2029 அக்டோபருக்குள் பேசத் தொடங்கியாக வேண்டும். அந்த மாதத்துச் சந்திப்புச் சீட்டில் அதற்கென்று ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குவதற்கு, கிளினிக் மேலாளரிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.